சூடு என்றேன்

மார்ச் 4, 2024 – திங்கள்
செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போன என் வீட்டுக்காரர் பேட்ரிக் கம்பளிப்பூச்சி பட்டு வந்திருக்கிறார். கழுத்து, கை எல்லாம் தடிப்பு. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில் அரிப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கேட்கவில்லை என்று ஒரே புலம்பல். "கேக்கலன்னா இன்னொண்ணு போடுங்க, அது என்ன விஷமா?" என்றேன். எறும்பு கடித்தாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷன்.

மார்ச் 5
பேட்ரிக் வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் உளறல்.

மார்ச் 6
தொடையைத் தொட்டாலே கத்துகிறார். மூத்திரம் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் போகிறதாம். சூடுதான், வேறென்ன? நாள் முழுக்க வெயிலில் நிற்கிற உடம்பு. இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 7
மறுபடியும் இளநீர், பார்லித் தண்ணீர். மூத்திரமே இறங்கவில்லை. முகம் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் புவனேசன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் நித்தியா கேட்டார்: "ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?"
"இல்ல டாக்டர்."
கடை மாத்திரை எனக்கு மருந்துக் கணக்கிலேயே இல்லை.

மார்ச் 8
துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் காலி மாத்திரைப் பட்டைகள். எல்லாம் நான் வாங்கியவை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த மாத்திரை அளவு மீறிப் போனால் தசை கரையுமாம். கரைந்தது சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். அந்த நேரத்தில் இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்தாம். "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும்மா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இன்று முதல் டயாலிசிஸ்.
நான்தானே வாங்கிக் குடுத்தேன்... நான்தானே போடுங்கன்னு சொன்னேன் — என் வாய்!

மார்ச் 31
உயிர்த்த ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. கட்டிலில் தொங்கும் பையில் கொஞ்சம் மூத்திரம் இறங்கியிருக்கிறது. நர்ஸ் காட்டியதும் அழுதுவிட்டேன். இதற்கெல்லாம் அழுத பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

மே 12 – ஞாயிறு
டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். குலை வெட்டும் வேலை இனி இல்லை. தோட்டத்துத் திலகம் அக்கா வீட்டுக்குப் பார்க்க வந்தார்.
"என்னதான் ஆச்சு தம்பி?"
கோப்பித் தட்டோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.
"ஒண்ணுமில்லக்கா, உடம்பு சூடு லா," என்றார் பேட்ரிக்.
கோப்பி ஆறும்வரை நான் வெளியே போகவில்லை.