தொட்ட கருவியே கொண்ட கருவி

நலம் பெருகுக. மூன்று புறம் கடலும் ஒரு புறம் மலையும் காவல் நிற்கும் ஆழிமுனை நாட்டின் அரியணையில் அமர்ந்து, குடிகளின் அடுப்பு அணையாதிருப்பதே தம் முடிக்கு ஒளி என்று கொண்ட பேரரசி திருநிலைநங்கையார் திருவுள்ளப்படி, பேரமைச்சர் நக்கன் பொழிலனார் மாடவூர்க் கோட்டையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. உப்பங்கரை நாட்டுத் தலைவரும் ‘முறை வழுவா நெடுந்தகை’ என்னும் பட்டம் தரித்தவருமான வயவன் சேந்தனார் காண்க. உமது அளங்களில் உப்பு விளைக, உமது வலைகளில் மீன் படுக, உம் மனையாரும் மக்களும் நோய் நொடியின்றி வாழ்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. மனைக்கொடை பெற்ற குடிகள் எல்லாரும் மன்றத்தில் கூடித் தத்தம் கருவியைத் தலைக்கு மேல் உயர்த்தி அரசியை வாழ்த்திய நாளில், அல்லியங்கோதை என்பவள் மட்டும் வாய் திறவாமல் நின்றாள் என்றும், அது கொடையை இகழ்ந்த குற்றம் என்றும், அவள் மனையுரிமையை நீக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். அவளையும் காவலருடன் அனுப்பிவைத்தீர். பேரரசியார் அவளை அவையில் நிறுத்திக் கேட்டார். கேட்டது முழுவதும் இதில் எழுதப்பட்டிருக்கிறது. இதை உமது மன்றத்தில் குடிகள் அமர்ந்திருக்க, நீர் நின்றபடி வாசிக்கக் கடவீர்.

புயலில் வீடிழந்த குடிக்கு, மனைக்கொடை என்னும் பெயரில், அரசுக் கருவிச்சாலையிலிருந்து ஒரு கருவி கொடுப்பது நம் நாட்டு வழக்கம். எதைக் கொள்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் முற்றுகைக் காலத்தில் கருவிச்சாலைக்குள் புகுந்தவர்கள் கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனதால், அன்றிருந்த அரசர் ஒரு முறை வகுத்தார். உள்ளே வருவோர் கண்ணால் மட்டுமே பார்த்துத் தேர வேண்டும், கை எதில் முதலில் படுகிறதோ அதுவே அவருடையது, பிறகு மாற்றவோ விற்கவோ கூடாது என்பதே அது. முற்றுகை போய்விட்டது, முறை மட்டும் தங்கிவிட்டது. எடுத்துப் பாராமலும் இயக்கிப் பாராமலும் மினுக்கத்தைக் கண்டு ஏமாந்து, ஆகாத கருவியை வீட்டுக்குத் தூக்கிப் போனவர் எத்தனை பேரோ, யார் அறிவார்.

அல்லியங்கோதை ஏமாந்தவள் அல்லள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது புயல் அடங்கிய அன்றே தெரிந்திருந்தது. உப்பங்கரையின் காற்றில் இரும்பாணி நில்லாது, துருவேறி உதிர்ந்துவிடும். அதனால் அங்கே வீடு கட்டுவோர் உத்திரத்திலும் கைமரத்திலும் துளையிட்டு மரமுளை அடித்தே கூரையைப் பூட்டுவார்கள் என்பது உமக்கும் தெரியும். உளியால் அந்தத் துளையைப் போட நல்ல கை இரண்டு வேண்டும். அவள் கணவன் ஏறனுக்கு நல்ல கை ஒன்றுதான். மற்றொன்றை அரசின் கப்பல் துறையில் வடம் இழுக்கையில் நசுங்கக் கொடுத்துவிட்டான். கைக்குழந்தை வேறு. ஆகவே காலால் மிதித்தால் சக்கரம் சுழன்று மரத்தைக் குடையும் துரப்பணம் ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை வாங்கி வந்து மாரிக்கு முன்னே கூரையேற்றிவிடலாம் என்று மரத்தையெல்லாம் செதுக்கி அடுக்கி வைத்துவிட்டே உமது நாட்டுக் கருவிச்சாலைக்குப் புறப்பட்டாள்.

சாலையின் கடைசி மேடையில் துரப்பணம் இருந்தது. அவள் அதை நோக்கி நேரே நடந்தாள். இடையில் ஏட்டுப்பலகை வைத்த மேடை. ஒரு நூலகத்து ஏடுகளை எல்லாம் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டு, விரல் பட்டால் எழுத்தை ஒளியாகக் காட்டும் அந்தக் கரும்பலகையைச் செய்ய நம் கம்மியர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை நீர் அறிவீர். அதை எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று பணியாள் ஒருவன் மேலே கிடந்த பட்டுத்துணியை வெடுக்கென்று இழுத்தான். துணியோடு பலகையும் சரிந்தது. கீழே கருங்கல் தளம். அல்லியங்கோதை எட்டிப் பிடித்துவிட்டாள்.

பிடித்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. மார்போடு அணைத்த பலகையை வைக்கவும் மாட்டாமல் கொள்ளவும் மாட்டாமல் நின்றாள். சாலைக் கண்காணிக்கே மனம் பொறுக்கவில்லை, உம்மிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். நீரோ, கை பட்டது பட்டதுதான், ஒருத்திக்காக வளைத்தால் முறை என்று ஒன்று எதற்கு என்று மறுமொழி சொல்லி அனுப்பினீர். தனக்கு ஓரெழுத்தும் தெரியாது என்று அவள் முறையிட்டதற்கு, இனிக் கற்றுக்கொள்ளட்டும் என்றீராம். அவையில் இதைக் கேட்டபோது சிலர் சிரிக்க வாயெடுத்து, பேரரசியாரின் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

பலகையோடு திரும்பியவளை ஊரார் சும்மா விடவில்லை. மழை வந்தால் பலகையைத் தலைக்குமேல் பிடித்துக்கொள் என்றார்கள். துரப்பணம் பெற்ற வீடுகள் சில உண்டு. இரவல் கேட்டாள். அவரவர் கூரையே பாதியில் நிற்க, மாரியோ தலைக்குமேல் வர, அவளுக்கு எவர் கொடுப்பார். வேறு வழியின்றிக் கணவனும் மனைவியுமாகக் கைமரங்களைக் கயிற்றால் கட்டிக் கூரையை ஏற்றினார்கள். கயிறு நனைந்தால் நெகிழும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தே கட்டினார்கள்.

முதல் மழை ஒரு பிற்பகலில் வந்தது. உணவு வேளை முடிந்து குழந்தை உறங்கிக்கொண்டிருக்கையில் உத்திரம் முனகியது. ஏறன் எழுந்து அதைத் தோளில் தாங்கினான். அவள் குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடி, அண்டை வீட்டில் கிடத்திவிட்டு, ஆட்களைக் கூவி அழைத்துத் திரும்பும் வரை தாங்கினான். வந்தவர்கள் அவனை இழுத்தெடுத்தபோது தோளெலும்பு முறிந்திருந்தது. அது நல்ல கையின் தோள். இப்போது அவனுக்கு அவள்தான் சோறு ஊட்டுகிறாள். அதற்கடுத்த வாரம்தான் உமது வாழ்த்து விழா நடந்தது. அவள் வந்தாள், நின்றாள், வாழ்த்த மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, சேந்தனாரே.

அவையில் அவள் அழவில்லை. குழந்தையின் துணியில் பொதிந்து கொண்டுவந்த பலகையை எடுத்து அரியணையின் படியில் வைத்தாள். அதில் ஒரு கீறலும் இல்லை. கொடையை இகழ்ந்தாயா என்று பேரரசியார் வினவியதற்கு அவள் சொன்ன விடையை, செந்தமிழாக்காமல் அவள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுவிக்கிறோம்.

“இகழல தாயி. இது வுழுறப்போ சும்மா நின்னுருந்தா எனக்குக் கூரை இருந்துருக்கும், அவருக்குத் தோளு இருந்துருக்கும். இனிமே ஒரு பொருளு வுழுதுன்னா எங்கூர்ல ஒருத்தரும் கைநீட்ட மாட்டாக. அத நெனச்சுத்தான் வாழ்த்த வாயி வரல.”

முறையை வகுத்த அரசரின் படம் சுவரில் இருந்தது, ஒருவரும் நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. பிறகு பேரரசியார் பேரமைச்சரை நோக்கி, புயலில் இந்த அரண்மனையின் மேற்கு மாடமும் இடிந்ததே, இந்த வீடு தனக்குரிய கொடையைக் கொண்டதா என்று கேட்டார். கொள்ளவில்லை என்று பேரமைச்சர் பணிந்து உரைத்தார். அரசி உடனே எழுந்து அரண்மனையை ஒட்டிய கருவிச்சாலைக்கு நடந்தார். மினுங்கும் எதையும் ஏறிட்டுப் பாராமல் கடைசி மேடைக்குப் போய், துரப்பணத்தின் மேல் தம் கையை வைத்தார். அப்படித்தான் அந்த முறை கடைசியாக ஒருமுறை நிறைவேறியது.

இனி ஆணை. தொட்டது கொண்டதாகும் என்னும் முறை இன்றோடு ஒழிந்தது. கருவிச்சாலையின் வாயிலில் மரக்கட்டைகளும் ஏடுகளும் போடப்படும். வருவோர் துரப்பணத்தை மிதித்துப் பார்க்கட்டும், பலகையைத் திறந்து வாசித்துப் பார்க்கட்டும், வாசிக்கத் தெரியாதவர் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும், தம் கைக்கும் தம் வீட்டுக்கும் பொருந்துவதைப் பொறுமையாகத் தேர்ந்துகொள்ளட்டும். அல்லியங்கோதை மேல் குற்றம் ஏதும் இல்லை. ஏறன் கை தேறும் வரையில் அரண்மனை மருத்துவர் உப்பங்கரையில் தங்குவார். தேறாமற்போனால் அவன் ஆயுள் உள்ளவரை கப்பல் துறை அவனுக்குப் படியளக்கும்.

இவ்வோலையுடன் அரண்மனைக்குரிய துரப்பணம் வருகிறது. அதை மிதித்து ஓட்ட வேண்டியவர் நீர். அந்த வீட்டின் உத்திரத்திலும் கைமரத்திலும் தரையில் வைத்துத் துளையிட்டு, ஏவலாளரை ஏணியில் ஏற்றாமல் நீரே ஏறி முளையடித்துக் கூரையைப் பூட்டுக. துளை எங்கே வேண்டும் என்பதை அல்லியங்கோதை காட்டுவாள், காட்டிய இடத்தில் போடுக. வேலை முடிந்தபின் வரும் பெருமழையில், உம் மனையாரும் மக்களும் உடனிருக்க, அந்தக் கூரையின் கீழே உறங்கி எழுந்து, உம் கையாலேயே நமக்கு எழுதுக.

கடல் கரையை மறவாதிருக்க, அரசு குடியை மறவாதிருக்க, இவ்வோலை சங்கு இலச்சினை இட்டு அரசியார் திருமுன் கட்டப்பட்டது. வாசித்த பொழுதே புறப்படுக. மேகம் திரள்கிறது.