பழனியின் படத்துக்குக் கீழே ஒரு சொல்

என் தங்கை சரசுவைக் கட்டுவதற்கு முன்பே எனக்குக் கூட்டாளியாக இருந்த பழனி மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். விஜயநகரில் உன் டிரைவிங் ஸ்கூலை இப்போது உன் மகன் மஞ்சுதான் நடத்துகிறான். பழைய போர்டு வெளுத்துவிட்டது. புதுப் போர்டில் உன் படம் வருகிறது. மற்றதெல்லாம் கன்னடத்தில் இருந்தாலும், படத்துக்குக் கீழே ஒரு சொல் மட்டும் அப்பா பேசின தமிழில் இருக்கட்டும் என்கிறான்.

"பேகா சொல்லுங்க மாமா, போர்டுக்காரன் மறுபடி போன் பண்றான்" என்று அவசரப்படுத்தி, கற்றுக்கொடுப்பவர் என்பதற்குச் செல்போனில் இருந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தான். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. காதால் கேட்டு நிறுத்துப் பார்த்தேன்.

குரு என்றான். குரு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். நீ இடது பக்கம் உட்கார்ந்தவன். ஸ்டியரிங் எப்போதும் அடுத்தவர் கையில். ஆசான் என்றால் யாரோ பிரம்பை எடுப்பது போலிருக்கிறது. போதகர் என்றதும் சரசு சிரித்துவிட்டாள். "அவரு வாயத் தொறந்து போதிச்சத நான் பாத்ததே இல்லீங்கண்ணா." உபதேசம் செய்தவர் என்று போடுவதானால், உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த அத்தனை பேர் படத்தையும் போட வேண்டும். பயிற்றுநர் நல்ல சொல்தான். ஆனால் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"பழக்கினவர்னு போடு" என்றேன்.

"அப்பா என்ன மாட்டையா மாமா பழக்கினாரு?"

மாட்டையும்தான் பழக்கினாய். ஹனூரில் நம் காட்டில் இளங்காளையைப் பழகின மாட்டோடு ஜோடி சேர்த்துப் பூட்டுவோம். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே நடப்பேன். நீ சில சால் ஓட்டியதுமே தளர்த்திவிடுவாய். இழுப்பது தான்தான் என்று காளைக்குத் தெரிய வேண்டும் என்பாய்.

காரிலும் அதையேதான் செய்தாய். உன் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. கற்றுக்கொள்கிறவருக்குக் கை வந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்தால், ஆளில்லாத ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டுக்கொள்வாய். ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர், காலைக் கீழே இறக்கும்படி உன்னைக் கெஞ்சியபோது நான் பின் சீட்டில் இருந்தேன். "உங்க காலுக்கடியிலயும் பிரேக் இருக்குதும்மா" என்றாய். அதன் பிறகு அவர் உன் பக்கம் திரும்பவே இல்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மஞ்சுவுக்கு அது வரவில்லை. யார் ஓட்டினாலும் அவன் கால் பிரேக்கை விட்டு நகராது. "ஏதாவது ஆச்சுன்னா யாரு மாமா ஜவாப்தாரி?" என்கிறான். அவன் கேட்பதும் நியாயம்தான்.

அவன் போர்டுக்காரனைக் கூப்பிடப் போகும்போது சரசு சொன்னாள்: "என்ன வேணாலும் போட்டுக்குங்க. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தாரு. என்னய அந்த சீட்டுல ஒரு நாள் உக்கார வெச்சாரா?"

ஏன் மாப்பிள்ளை? அவள் கேட்கவில்லையா? அவள் ஓட்டினால் உன்னால் காலைத் தூக்க முடியாது என்று நினைத்தாயா?

மஞ்சு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கார் சாவியை அம்மா கையில் வைத்தான். "இந்த வயசுல எனக்கெதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே அவள் சேலையைச் செருகிக்கொண்டாள். தெருமுனை போவதற்குள் வண்டி பல தடவை அணைந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "அவனுக்கு அப்படி என்ன அவசரமாம்?" என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினாள். பின் சீட்டிலிருந்து நான் மஞ்சுவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிரேக்கிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போர்டு மாட்டுகிறோம். படத்துக்குக் கீழே இடம் காலியாக இருக்கும். தனக்கு வண்டி கை வரும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள் சரசு. இப்போது தினமும் காலையில் மூன்று பேரும் போகிறோம். உன் மனைவி ஓட்ட, உன் மகன் என்றைக்குக் காலைத் தூக்கி சீட்டில் வைக்கிறானோ, அன்றைக்குப் பழக்கினவர் என்ற அந்தச் சொல்லை எழுதச் சொல்கிறேன். அதுவரை நான் பின் சீட்டை விடமாட்டேன்.

சரசுவின் அண்ணன், உன் மச்சான்,
மாதப்பன்