அந்த ஒரு கட்டம் மட்டும்

அத்தான்,

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். ராத்திரி போட்ட சண்டையில் நீங்களும் தூங்கவில்லை, அதனால் எழுப்பவில்லை.

இன்ஷூரன்ஸுக்கு ரத்தம் எடுக்க லேப் ஆள் வருவார். எடுக்கிற வரைக்கும்தான் வெறும் வயிறு. அவர் போனதும் ஹாட்பாக்ஸில் இருக்கும் இட்லியைச் சாப்பிட்டு மாத்திரை போடுங்கள். சர்க்கரையைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்று நாலு நாளாகப் பாகற்காயும் வெந்தயத் தண்ணீருமாகக் கிடக்கிறீர்கள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஏஜெண்ட் தாஜ் முகம்மது அண்ணாச்சி விண்ணப்பத்தை வாங்க வருவார். எல்லாம் நிரப்பிவிட்டேன். ‘சர்க்கரை நோய் உண்டா’ என்ற கட்டத்தை மட்டும் உங்களுக்கு விட்டிருக்கிறேன். “உண்டுன்னு எழுதினா பிரீமியத்தை ஏத்திப்புடுவான், நீ சும்மா இருட்டி” என்றீர்கள். ஏற்றட்டும். அரசு காப்பீட்டு அட்டையில் எல்லா வைத்தியமும் வராது என்றுதானே இதையும் சேர்த்து எடுக்கிறோம்? பொய் சொல்லி எடுத்தால் இதுவும் கைகொடுக்காது.

நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் நீங்கள் உள்ளே படுத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் இந்த இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கப்போவது நான். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ரூபா

வண்டிச் சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. இந்தப் பாகற்காய்ப் பத்தியத்தால் வந்த தலைச்சுற்றலோடு ஓட்டக்கூடாது. நான் பாளை பஸ்ஸில்தான் போகிறேன்.

வெந்தயத் தண்ணீரையும் தேட வேண்டாம். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.