தரை சொன்னதைச் சொல்லப் போகிறேன்

அன்பு மாப்ள கதிரேசா,

நீ போய் நாற்பது நாளாகிறது. நேற்று மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாட்ஜ் அறையைத் தனியாகக் கழுவினேன். ரத்தம் ஊறிய மெத்தையைச் சுருட்ட இன்னொரு கை இல்லை; பிளீச்சிங் பவுடர் கண்ணை எரித்தது. நீ இருந்தால், "மூக்கக் கட்டு மச்சான், மோந்து பாக்கவா வந்த?" என்று திட்டியிருப்பாய்.

அடிபட்டோ தனியாகக் கிடந்தோ ஆட்கள் செத்த இடங்களைப் பதினோரு வருடம் சேர்ந்து சுத்தம் செய்தோம். வீட்டார் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா?" தரையில் கறை ஓடியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே நமக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் நீ முந்திக்கொண்டு, "இல்லம்மா, உடனே உசுரு போயிருக்கும்" என்பாய். அவர்கள் முகம் கொஞ்சம் இளகும். நானும் தலையாட்டுவேன்.

உன் வீட்டையும் நான்தான் கழுவினேன். உன் பெண்டாட்டி, எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி செல்வி, திருவாதவூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்று, ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தாய். குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏன்டா எங்களிடம் மறைத்தாய்? உன் உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும், அவள் வந்து பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று வெறிபிடித்தவன் மாதிரித் தரையைத் தேய்த்தேன்.

எல்லா வீட்டாரும் கேட்பதையே அவளும் கேட்டாள். நானும் உன் பதிலையே சொன்னேன். அவள் அழவில்லை.

"எல்லா வீட்லயும் சொல்றதத்தான எனக்கும் சொல்றீங்கண்ணே? அவரு வந்து ஒவ்வொண்ணையும் எங்கிட்டச் சொல்லி அழுவாரு."

தொழில் ரகசியத்தைப் பெண்டாட்டியிடமா உளறி வைப்பாய்?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுகிறேன். நீ உடனே போகவில்லை, மாப்ள. கட்டிலிலிருந்து கதவு வரை தவழ்ந்திருக்கிறாய். தாழ்ப்பாளில் உன் விரல் தடங்கள் ரத்தத்தில் பதிந்திருந்தன. கதவு திறந்து கிடந்ததால்தான் பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பார்த்தார். எதற்குத் திறந்தாய்? ஆள் கூப்பிடவா? இல்லை, நாம் போகிற வீடுகளில் போலீஸ் உடைப்பது போல உன் கதவையும் உடைக்க வேண்டாமென்றா? எல்லாவற்றையும் நானே துடைத்துவிட்டேன். இனி என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் செல்வியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "கடைசியா அவரு பட்ட பாடாவது எனக்குத் தெரிய வேண்டாமாண்ணே? நான்தான அவரு பொண்டாட்டி?" என்றாள்.

நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். கட்டிலிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வேன். எதற்குத் திறந்தாய் என்று கேட்டால், தெரியாது என்பேன். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எழுந்து வர மாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
செல்விக்கு அண்ணன்,
முருகேசன்