வகேம்

ஜூன் 9, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கள்ளிக்குப்பம் முழுக்கக் காலையில் கரண்ட் இல்லை. வந்ததும் வேலை.

கீபோர்டு சிந்தசைசரில் மாட்டும் எல்.எஃப்.ஓ. மூன்றாவது முறையாகப் போட்ட போர்டு. இதன் அலை மெதுவானது, காதில் விழவே கூடாது. மற்ற ஓசையைப் பிடித்து ஆட்டுவது மட்டும்தான் இதன் வேலை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பீக்கரில் ஒரு 'டிக்'. பல்லி மாதிரி. அருவருப்பு. சர்க்யூட்டை வரைந்தவன் நானேதான், யாரைத் திட்ட?

கவிதா: "ஏங்க, எதுக்கு அது கத்திக்கிட்டே இருக்கு?" கத்தக் கூடாது என்பதுதான் விஷயம் என்றேன். சிரிக்கிறாள்.

ஞாயிறு ஐயப்பன்தாங்கல் கீபோர்டுக்காரன் வாங்கலாமா என்று பார்க்க வருகிறான். வேண்டாம் என்றுவிட்டால் சாப்பாட்டு மேசையைக் காலி செய்கிறேன், இந்தப் பைத்தியத்தோடு சரி என்று அவளிடம் வாக்குக் கொடுத்தாயிற்று.

வாங்க: பூண்டு, ஈயக் கம்பி, எறும்பு மருந்து.

ஜூன் 11, வியாழன்

பிடிபட்டது. மினுக்கும் எல்.இ.டி.! எரியும்போதெல்லாம் மொத்த சர்க்யூட்டையும் ஒரு இழுப்பு. அதற்குத் தனி கிரவுண்ட் ஒயர். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. அழுகை வந்தது. ஒரு ஒயருக்காகவா இத்தனை நாள்? சீ.

எறும்பு மருந்து மறந்தாயிற்று.

ஜூன் 12, வெள்ளி

பாடிக்குப் போய், டில்லியின் பட்டறையில் பெட்டிக்கு முன்தகடு வாங்கினேன். பெரிய குமிழுக்கு மேல் 'வேகம்' என்று தமிழில் பொறிக்கச் சொல்லியிருந்தேன். அவன் மெஷினுக்குத் தமிழ் ஆகாது. வ-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு, தாண்டிப் போய் க-வுக்கு முன்னால் நிற்கிறது. வகேம்.

"இன்னாடா இது?"

"கம்ப்யூட்டர்ல கரெக்டாத்தான் மாமே இருந்திச்சு. உடு, எவன் பட்ச்சிகினு கீறான்? திருகத்தானே போறான்."

வேறு தகடு திங்கள்தானாம். ஞாயிறுக்கு இதுதான். பஸ்ஸில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

மேகம். மழை இல்லை, புழுக்கம்.

கீபோர்டுக்காரன் வந்தான். டிக் எப்படிப் போனது என்று மூச்சு வாங்க விளக்கினேன். "ம், ஓகே சார்." கண் முழுக்க போனில். கவிதா சமையலறை வாசலில் நின்று மேசையை அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் தகட்டைப் பார்த்தான். முகமே மாறிவிட்டது.

"வகேம்! செம பேரு சார். பழைய தமிழா?"

கவிதா என்னைப் பார்த்தாள்.

"சங்கத் தமிழ்," என்றேன்.

எடுத்துக்கொண்டான். நண்பர்களுக்கும் வேண்டுமாம். பேர் மட்டும் அப்படியே இருக்கணுமாம். அந்த நிசப்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டில்லிக்கு போன். தகட்டை மாற்றாதே, இனி எல்லாமே அப்படித்தான் என்றேன்.

"அப்போ பட்ச்சிட்டானா மாமே?"

தூ.