நீ கடைசியாகத் தட்டிய எழுத்துகள்

ஆரோக்கியம் கண்ணு,

உன் அறையில் இப்போது சத்தம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த உன் பெரிய கம்ப்யூட்டரை நேற்று மதியம் நிறுத்திவிட்டோம். ரீத்தாதான் பொத்தானை அழுத்தினாள். உன் மனைவி அந்த முடிவுக்கு எப்படி வந்தாள் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். செய்தி எழுதியே பழகிய கைக்கு வேறு விதம் வராது.

நீ போன அன்று காலை ஆறே முக்காலுக்கு நான் காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்துக்கு நடுவே நின்றிருந்தேன். இரண்டு படகுக்காரர்களுக்குள் தகராறு. இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் அழைப்பு வந்தது. துண்டித்தேன். "அப்புறம் பேசுறேன்" என்று இரண்டு சொல் அனுப்பினேன். உடனே உன் பெயருக்குக் கீழே நீ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் காப்பியோடு வந்த ரீத்தா, நாற்காலியில் சாய்ந்திருந்த நீ தூங்குவதாக நினைத்தாளாம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. பேசுவதைக் கைப்பேசியிலும் எழுதுவதைக் கம்ப்யூட்டரிலும் செய்வது உன் வழக்கம். ஆகவே நீ எனக்கு எழுதி, அனுப்பாமல் விட்டது அந்தப் பெரிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். அது தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

என்ன எழுத வந்தாய்? நெஞ்சு வலிக்கிறது என்றா? ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன் கிடைத்தால் வாங்கி வா என்றா? இத்தனை வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

அந்த ஒரு மாதமும் நான் ரீத்தாவோடு உன் வீட்டில்தான் இருந்தேன். பெட்டியை நிறுத்த அவள் விடவில்லை. "நிறுத்துனா உள்ள இருக்கிறது அத்தனையும் போயிடும்னு அவுங்கதானே அண்ணி சொல்வாங்க" என்றாள். கரண்ட் போனபோதெல்லாம் இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது. கதவைச் சாத்தினாலும் உள்ளே ஓடும் விசிறியின் இரைச்சல் கூடம் வரை கேட்கும். "சோத்தைப் போட்டுட்டு, ஏங்கன்னு கூப்பிட வாயெடுத்துடுறேன் அண்ணி" என்றாள் ஒருநாள். நானும் அந்தக் கதவைத் தாண்டும்போது காலடிச் சத்தம் கேட்காமல்தான் நடந்தேன். யாருக்குத் தொந்தரவு ஆகிவிடும் என்று பயந்தேன்?

துக்கத்துக்கு வந்தவர்கள் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நம் சித்தப்பா எல்லோருக்கும் "கம்ப்யூட்டர் ரிப்பேரு" என்று ஒரே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்த அளவுக்கு நான் திருத்தினேன். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று உண்டு. மற்ற நிரல்கள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் எதையும் செய்யும். அது தன் நினைவகத்தில் எதை, எங்கே, எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் கோளாறு தேடி உள்ளே பார்க்கிற கருவியையும் ஒவ்வொரு முறை மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கருவி செய்கிறேன் என்று நீ கிளம்பினாய்.

நீ எனக்குச் சொன்ன விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, நம்ம பஸ்ஸு பூவத்து எல்லையைத் தாண்டுனா தமிழ்நாடு, வேற அரசாங்கம், வேற லீவு, வேற சட்டம். கண்டக்டர் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தான்னா, நாளைக்கே மாத்திப்புட்டா முழிப்பான். அந்தந்த ஊருக்குள்ள நுழைஞ்சதும் அங்கயே கேட்டுக்கணும். கெர்னல் தன்னோட அமைப்பைப் பத்தித் தானே ஒரு விவரம் வச்சிருக்கு. என் கருவி மொதல்ல அதைப் படிக்கும். அப்புறம்தான் தேடும்."

"அந்த விவரமே தப்பா இருந்தா?"

"பாத்தியா, ரிப்போர்ட்டர் புத்தி! தப்புன்னு தெரிஞ்சா நின்னுடும். ஊகிச்சு எழுதாது. உன் பேப்பர் மாதிரின்னு நெனச்சியா?"

பார்க்கிற கருவி எதையும் தொடக்கூடாது என்பது உன் பிடிவாதம். அதற்காகத்தான் பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிளைப் போட்டாய். பெரியது ஓடும், சின்னது பார்க்கும். கெர்னல் வேண்டாம் என்று விட்ட இடத்தில் பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும், வேறு யாராவது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வரை என்றும் சொன்னாய். "செத்ததை உயிரோட இருக்கிறதா காட்டுச்சுன்னா, அப்படி ஒரு கருவியே வேணாம்." இட்லியைப் பிட்டுக்கொண்டே இதைச் சொன்னாய்.

முந்தாநாள் உன் முப்பதாம் நாள் பூசை. நேற்று பஷீர் வந்தான். உன்னோடு பள்ளியில் படித்தவன், இந்தக் கருவியில் பாதி வேலை அவனுடையது. சின்னப் பெட்டியின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். உன் நாற்காலியில் உட்காரவில்லை. சமையலறையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து போட்டுக்கொண்டான். "நாற்காலியைத் தொட்டா திட்டுவான்கா" என்றான்.

நீ கடைசியாக எழுதியது கிடைக்குமா என்று அவனிடம் கேட்டேன்.

"முழுசும் கிடைக்காதுக்கா. ஆனா கீபோர்டுல தட்டுறது ஒவ்வொண்ணும் கெர்னல் வழியாத்தான் போகும். கடைசியாத் தட்டுன பத்து எழுத்து போல ஒரு சின்ன எடத்துல தங்கியிருக்கும். புதுசா தட்டத் தட்டத்தான் பழசு போகும்."

அவன் சொன்ன கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

கருவியை ஓட்டினான். சின்னத் திரையில் வரிகள் ஓடின. நீ சொன்னபடியே அது முதலில் கெர்னலின் விவரத்தைப் படித்தது, பிறகு கீபோர்டைத் தேடிப் பிடித்தது. நீ தமிழையும் ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறவன். பஷீர் ஒவ்வொன்றாக வாசித்தான். "முன்னாடி ஒரு வால் மட்டும் இருக்கு, டி, ஹெச், ஏன்னு. அப்புறம் ஏ… எம்… ஏ… எல்… ஐ." திரும்பி என்னைப் பார்த்தான். "அமலி. அக்கா, உங்க பேரு."

ரீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைத்தான் அண்ணி கூப்பிட்டிருக்காங்க. கடைசி மூச்சுல உங்க பேருதான்." பஷீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

ஆரோக்கியம், அந்த எழுத்துகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ரீத்தா குளிக்கப் போயிருந்த நேரத்தில், நான் உன் அறைக்குள் போய்ப் பூட்டைத் திறக்கப் பார்த்தேன். அம்மாவின் பெயரைத் தட்டினேன். ரீத்தாவின் பெயரைத் தட்டினேன்; பஷீர் சொன்ன வால் அதனுடையதுதான். கடைசியாக என் பெயர். ஒன்றுக்கும் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா பேரைச் சொல்லிக்கொண்டே போனான் என்று பூவத்திலிருந்து போலகம் வரை சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள். உன் அழைப்பைத் துண்டித்தவளின் பெயரை நீ கடைசியில் எழுதினாய் என்றால், அது மன்னிப்பா, குற்றச்சாட்டா? எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு அது வேண்டும் போலிருந்தது. விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"பஷீர், எப்ப தட்டுனதுன்னு அதுல இருக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும் நேரம் இருக்கும்கா."

"காட்டு."

காட்டினான். விரல்விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். "என்னக்கா இது, அவன் போனதுக்கு நாலு நாள் கழிச்சுல்ல காட்டுது? எங்கயோ தப்பு பண்ணிட்டோம் போல."

"தப்பில்லை. நான்தான் தட்டுனேன்."

ரீத்தா என் கையை விட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

தொடாமல் பார்ப்பதற்கு நீ வருடக்கணக்காக வழி தேடினாய். உன் விரல் பட்ட கடைசி எழுத்துகள் அங்கே நான்கு நாள் பத்திரமாக இருந்திருக்கின்றன. பார்க்கும் அவசரத்தில் நான் அவற்றின் மேல் என் பெயரை எழுதி அழித்துவிட்டேன்.

பஷீர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இன்னொரு வழி இருக்குக்கா. மெசேஜ் எழுதுற புரோகிராமோட மெமரிக்குள்ளயே போனா முழுசும் கிடைச்சாலும் கிடைக்கும். கருவி கெர்னலைத் தாண்டி எந்த புரோகிராமுக்குள்ளயும் போகாத மாதிரி ஆரோக்கியம் ஒரு தடை போட்டு வச்சிருக்கான். அதை எடுத்துட்டு ஓட்டுனா ஆச்சு. ஏன்டா இதைப் போட்டேன்னு கேட்டா சிரிப்பான், சொல்ல மாட்டான்."

எனக்குத் தெரியும். இந்தக் கருவியை வைத்து ஓர் அதிகாரியின் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று நான் ஒருமுறை உன்னிடம் கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னேன். விளையாட்டில்லை. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் நீயே வந்து, "தடை போட்டுட்டேன்கா. உன்னை நெனச்சுத்தான் போட்டேன்" என்றாய்.

இதை இருவரிடமும் சொன்னேன். அந்தத் தடையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்றும் சொன்னேன். ரீத்தா திரையைக் கைகாட்டினாள்.

"அதுல உங்களுக்கு எழுதுனது மட்டுமா இருக்கும்? எனக்கு எழுதுனது இருக்கும். நாங்க போட்ட சண்டை இருக்கும். வேணாம் பஷீரண்ணே." எழுந்தாள். "இந்தச் சத்தமும் போதும். எதை அழுத்தணும்?"

"அழுத்திப் பிடிக்கணும்மா. கொஞ்ச நேரம்."

பிடித்துக்கொண்டு நின்றாள். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது. தெருவில் மீன்காரம்மா யாரையோ, "நேத்து மீனுங்கிறியே, அது கண்ணைப் பாத்துட்டுப் பேசு!" என்று அதட்டுவது உள்ளே வரை கேட்டது. ஒரு மாதமாக அந்தத் தெரு எங்களுக்குக் கேட்கவே இல்லை.

பஷீர் கருவியை முடித்து வெளியிடுவான். உன் பெயர் முதலில் இருக்கும். கீபோர்டு எழுத்துகள் தங்கும் அந்தச் சின்ன இடத்தையும் தடைக்குப் பின்னால் வைக்கப்போகிறானாம். நீ அதை எப்படி விட்டாய் என்று அவனுக்கு ஆச்சரியம். நீ இருந்தால் அவனோடு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பாய்.

நான் நேற்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று காலை ரீத்தா கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன். "ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான்" என்றாள். அதற்கப்புறமும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் லைனில் இருந்தோம்.

கடைசியாக என்ன சொன்னான் என்று இனியும் என்னைக் கேட்பார்கள். அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: என் தம்பி என்னைக் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. பிறகு எதையோ எழுதினான், அது எனக்கு வந்து சேரவில்லை. ஆறுதலுக்காகவும், அழுகைக்காகவும், என் பெயர் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவும் இதற்குமேல் ஒரு சொல் சேர்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்று "அப்புறம் பேசுறேன்" என்ற
உன் அக்கா,
அமலி