பின்கதவுத் தாழ்ப்பாள்

என் ஆசை மாமா,

நீங்கள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் நடுப்பகலில் பின்கதவுத் தாழ்ப்பாள் தானாக ஆடியது. வெளியே கரும்புத் தோகைகூட அசையவில்லை.

தப்பு உங்கள் தம்பி குமாருடையது. கருமாதியன்று படையல் போட்டு, முன்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். நீங்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் பின்கதவு வழியாகப் போக வேண்டும், அதுதானே நம் வீட்டு வழக்கம்? கதவைத் திறந்தபோது சோற்றில் விரல் பட்ட பள்ளம் இருந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், தாழ் போட்டிருந்தது.

"நாய் பூந்துட்டா இன்னா பண்றது அண்ணி? அதான் தாப்பா போட்டேன்" என்றான். அடப்பாவி!

எனக்குப் பயமில்லை மாமா. தாலி கட்டியவருக்கா பயப்படுவேன்? மீன் குழம்பு வைத்த அன்று உங்கள் தட்டையும் எடுத்து வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் நம் மகள் கயல் பயப்படுகிறாள். வளைகாப்பு முடிந்தும் புருஷன் வீட்டிலேயே இருக்கிறாள். "அந்த வூட்டுக்கு நான் வரமாட்டம்மா" என்று போனில் அழுகிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராமல் வேறெங்கே போவாள்?

அம்மன் கோயில் பூசாரியிடம் சொன்னேன். "உயிருக்கு சாவு கெடையாதும்மா, உடம்புதான் போவுது. செஞ்ச வினைக்கு ஏத்த மாதிரி அடுத்த உடம்பு. நீ புடிச்சி வெச்சிக்கினா அது எங்க போயி பொறக்கும்?" என்றார். கதவைத் திறந்தால் மட்டும் போதாதாம். மறுபடி படையல் போட்டு, நானே வாயால் வழியனுப்ப வேண்டுமாம்.

நான் ஒன்று கேட்டேன், அவர் திருநீற்றை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நீங்கள் வேறு உடம்பில் பிறந்துவிட்டால், அமாவாசைச் சோற்றைக் காக்கையாக வந்து தின்பது யார்? பிறவியே வேண்டாமென்று சாமியோடு கலந்துவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?

இதோ, எழுதும்போதே தாழ்ப்பாள் மறுபடி சத்தம் போடுகிறது. பொறுங்கள் மாமா, உங்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

வரும் அமாவாசைக்குப் பின்கதவைத் திறந்து வைக்கிறேன். அழாமல் "போய்ட்டு வாங்க" என்று சொல்கிறேன், சத்தியம். திரும்பி வரும்போது கயல் கையில், முன்வாசல் வழியாக வாருங்கள். ஆரத்தித் தட்டோடு நிற்பேன். அப்போது உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும்.

உங்கள் அக்கா மகள், உங்கள் வீட்டுக்காரி,
செல்வி
பாகூர்